மூட்டைமேல் எழுதிய அளவு

ஒரு மடிக்கணினியின் வாசலில் வைஃபை காவலிருந்தது. காற்றில் வரும் மூட்டைகளை வாங்கி, உள்ளே நினைவகத்தின் குழிகளில் கொட்டுவது அதன் வேலை. வந்தவர் முன்னால் அளந்து பார்ப்பது மரியாதையில்லை என்று, மூட்டைமேல் எழுதியிருக்கும் அளவை அப்படியே நம்பிவிடும்.

ஒருநாள் ‘ஒரு படி’ என்று எழுதிய மூட்டை வந்தது.

“அக்கா, ஒரு படிக்குக் குழி விடுங்க” என்றது வைஃபை.

நினைவகம் சின்னக் குழி ஒன்றைக் காட்டியது. அவிழ்த்துக் கொட்டினால், தானியம் கொட்டிக்கொண்டே இருந்தது. குழி நிரம்பிப் பக்கத்துக் குழிக்குள் சரிந்தது. அங்கேதான் வீட்டுச் சாவி இருந்தது. தானியத்தோடு சறுக்கி வந்த எலி ஒன்று நேராகச் சாவியைக் கவ்வியது.

எலி சாவியோடு வாசலைத் தாண்டுவதற்குள், வேறு வழியில்லாமல் நினைவகம் மடிக்கணினியையே அணைத்துவிட்டது. மறுபடி விளக்கு எரிந்தபோது குழிகளெல்லாம் காலி. எலியும் இல்லை. நல்லவேளை, சாவி வெளியே போகவில்லை; வாசலிலேயே கிடந்தது.

“ஒரு படின்னுதானே அக்கா எழுதியிருந்துச்சு?”

“எழுதினது யாருடா? கொண்டுவந்தவன்தானே!”

மறுநாள் ‘அரைப் படி’ என்று ஒரு மூட்டை வந்தது. வைஃபை கையில் அளக்கும் படியைப் பார்த்ததும் கொண்டுவந்தவனுக்கு முகம் சுருங்கிவிட்டது.

“என்னண்ணே, எம்மேல நம்பிக்கை இல்லையா?”

“அட, வாங்க வாங்க, உட்காருங்க” என்று வாய்நிறையச் சிரித்துக்கொண்டே வைஃபை அளக்க ஆரம்பித்தது.