வாய் திறக்காத ஒரு மணி நேரம்

"ஒரு மணி நேரம். ஒரே ஒரு மணி நேரம் வாயத் தொறக்காம இருங்கப்பா, அது போதும்" என்றாள் கலைச்செல்வி.

 கூடத்தில் போட்டிருந்த நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகளில் ஒன்று அரை விரல் பின்வாங்கி நின்றது. சுப்பையன் அதை இழுத்து வரிசைக்குக் கொண்டுவந்தார்.

"கேக்குதுங்களா?"

"கேக்குது, கேக்குது. வர்றவங்க ஒழுங்கா நடந்துக்கிட்டா நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்?"

"மொதல்ல வந்தவங்க டீயை உறிஞ்சிக் குடிச்சாங்கன்னு தொரத்துனீங்க. அடுத்து வந்தவங்க செருப்பத் தாறுமாறா உட்டாங்கன்னு..."

"செருப்ப ஒழுங்கா உடத் தெரியாதவன் சொந்தத்த ஒழுங்கா வெச்சுக்குவானா? நம்ம குடும்பத்துக்குன்னு ஒரு மானம் இருக்குது கண்ணு."

"செருப்புலயா இருக்குது மானம்?" அவள் குரல் உடைந்தது. "இதும் கலஞ்சுதுன்னா, இனி ஒருத்தரும் இந்த வாசப்படி ஏற மாட்டாங்க. எனக்குத் தூக்கமே வர மாட்டேங்குதுங்கப்பா."

மலைக் கிராமங்கள் சில சேர்ந்த திண்ணனூர் நாட்டில் சுப்பையனை எதிர்த்துப் பேச ஆள் கிடையாது. ஆனால் மகள் கண் கலங்கினால் அவருக்குத் தாங்காது.

"சரி. வாயே தொறக்கல."

பதினோரு மணிக்குப் பெரக்கரை நாட்டிலிருந்து ஜீப் வந்து நின்றது. ஓட்டி வந்தவன் சந்தோஷ்குமார். இருபத்தாறு வயது, முறுக்கிய மீசை. பின்னாலிருந்து அவன் தாய் அத்தாயியும் தாய்மாமன் மாதேஸ்வரனும் இறங்கினார்கள்.

மூன்று ஜோடிச் செருப்பு மூன்று திசையில் விழுந்தது. மாதேஸ்வரனுடையதில் ஒன்று குப்புற.

சுப்பையன் பல்லைக் கடித்துக்கொண்டு கும்பிட்டார்.

மாதேஸ்வரன் நாற்காலியை வரிசையிலிருந்து பிடுங்கி, குறுக்கே போட்டு உட்கார்ந்தார். "இங்க டவர் நல்லா எடுக்குது மாமா!" என்று சந்தோஷ்குமார் செல்போனில் ஒரு குத்துப் பாட்டை அலறவிட்டான். பட்டுச்சேலை சரசரக்கக் கலைச்செல்வி டீ கொண்டுவந்தாள். மாதேஸ்வரன் போட்ட முதல் உறிஞ்சல் அடுப்படி வரைக்கும் கேட்டது.

கழுத்து வரை பட்டன் போட்ட புதுச் சட்டையில் சுப்பையன் உத்தரத்தை அண்ணாந்து பார்த்தார்.

"ஏனுங்க, பேசவே மாட்டேங்கறீங்க? பெரிய கோவக்காரருன்னு சொன்னாங்களே!" என்றார் மாதேஸ்வரன்.

"ஆகாதவங்க யாரோ சொல்லியிருப்பாங்க மாமா" என்று முந்திக்கொண்டாள் கலைச்செல்வி.

அத்தாயிக்கு உட்காரப் பொறுமையில்லை. வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு நேரே வாசலுக்குப் போனாள். அங்கே பாயில் மிளகு காய்ந்துகொண்டிருந்தது. நூல் பிடித்த மாதிரி வரி வரியாக இழுத்துவிட்டிருந்தார் சுப்பையன். முப்பது வருடமாக அப்படித்தான். அந்த வரியில் ஒரு கோழி கால் வைத்தால்கூட அன்றைக்கு அது குழம்புக்குப் போய்விடும்.

அத்தாயி சேலையை லேசாகத் தூக்கிச் செருகிக்கொண்டு பாயின் நடுவில் இறங்கினாள். காலால் சுற்றிச் சுற்றிக் கிளறினாள்.

"வரி போட்டாப் பாக்கத்தான் அழகுங்க. அடியில கெடக்கறது காயாமப் பூசணம் புடிச்சுப் போவும்."

கலைச்செல்வி கண்ணை மூடிக்கொண்டாள். சந்தோஷ்குமாரின் பாட்டுகூட நின்றுவிட்டது.

சுப்பையன் எழுந்தார். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வாசலுக்கு நடந்தார். அவருடைய வாசலில், அவருடைய மிளகில், அவருக்கே பாடம்! பாயைக் குனிந்து பார்த்தார். அடியிலிருந்து மேலே வந்த மிளகு ஈரம் மாறாமல் பச்சையாகத்தான் இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவரும் அதை அவரிடம் சொல்லத் துணிந்ததில்லை.

கோபத்தைத் தேடினார். காணோம். தொண்டைக்குள் ஏதோ கிச்சுகிச்சு மூட்டியது, வெடித்துச் சிரித்துவிட்டார்.

"அந்த மூலைய உட்டுட்டீங்களே. அதையுங் கெளறுங்க" என்றார்.

உள்ளே மாதேஸ்வரன் கடைசி மடக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. சுப்பையன் திரும்பி, "கண்ணு, மாமனுக்கு இன்னொரு டம்ளர் ஊத்து. நல்லா சூடா!" என்றார்.

கலைச்செல்வி அப்பாவை நம்ப முடியாமல் பார்த்தாள். ஊரே பயந்த வாயை ஜெயித்துவிட்ட மிடுக்கில், வாசலில் சிங்கம்போல நின்றார் அவர்.

மாதேஸ்வரன் எழுந்து வந்தார். "எனக்குத் திருப்திங்க. ஆனா எங்க வழக்கத்துல, பொண்ணு தன் வாயால சம்மதஞ் சொன்னாத்தான் தட்டு மாத்துவோம்."

 கலைச்செல்வி காலித் தட்டை மார்போடு அணைத்துக்கொண்டாள்.

பாயிலிருந்து காலை எடுக்காமலே அத்தாயி சொன்னாள்: "எனக்குச் சம்மதந்தான். மொதல்ல மாப்பிள்ளைய அந்தக் கழுத்துப் பட்டன அவுத்து உடச் சொல்லுங்க, பாவம், மூச்சு முட்டுது அவருக்கு."

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு வருடமாகத் தனியாகப் பொங்கித் தின்றுகொண்டிருந்த அறுபத்தொரு வயது மாப்பிள்ளை சுப்பையன், கட்டிக்கொடுத்த மகளையும் மகனாகப் போகிற சந்தோஷ்குமாரையும் வெட்கத்தோடு பார்த்துவிட்டு, பட்டனைக் கழற்றினார்.