டாக்டர் வறுவார்

‘டாக்டர் பத்து மணிக்கு வறுவார்.’

அப்பாவின் கட்டில் கம்பியில் மாட்டியிருந்த சின்ன வெள்ளைப் பலகையில் அப்படித்தான் எழுதியிருந்தது. அதற்குக் கீழே, ‘ரத்தப் பறிசோதனை’. அதற்கும் கீழே, ‘அறை மணி நேரம் ஓய்வு’.

மகளுக்குச் சுருக்கென்றது. டாக்டர் எதை வறுக்கப் போகிறார்? ரத்தத்தை யார் பறிக்கிறார்கள்?

நாலு நாளாக இதே கூத்து. விடிந்ததும் அந்த நர்ஸ் எழுதிவிட்டுப் போவாள். மகள் வந்ததும் முதல் வேலையாக, பலகையில் நூல் கட்டித் தொங்கும் பேனாவை எடுத்து, சத்தமில்லாமல் திருத்திவிடுவாள். அப்பா கண் திறப்பதற்குள் முடித்தாக வேண்டும்.

அப்பா அச்சகத்தில் நாற்பது வருஷம் பிழை திருத்தியவர். ‘பேன் பார்க்கிறவர்’ என்பது அங்கே அவருக்குப் பட்டப்பெயர். வீட்டுக்கு வரும் கடிதத்தைக்கூடத் திருத்திவிட்டுத்தான் படிப்பார். பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டது. பேச்சும் குழறியது. குழறுவது பிடிக்காமல் பேச்சையே விட்டுவிட்டார். பயிற்சிக்குக் கொடுத்த ரப்பர் பந்தைத் தொடவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்தவர்தான்.

“இந்தச் சில வாரம்தான் முக்கியம். இப்பவே கையை அசைக்கலேன்னா அப்புறம் ரொம்பக் கஷ்டம்” என்று டாக்டர் சொல்லியிருந்தார். இந்த நிலைமையில் ‘வறுவார்’ வேறு கண்ணில் பட்டால் ரத்த அழுத்தம் எகிறாதா?

இன்றைக்கு அவள் திருத்தவில்லை. அத்தாட்சியாக இருக்கட்டும் என்று அப்படியே விட்டுவிட்டு, நேரே தலைமை நர்ஸிடம் போனாள்.

“அவங்க நல்லவங்கதான், நான் இல்லேங்கலை. அப்பாவை அவ்வளவு பொறுமையா பார்த்துக்கிறாங்க. ஆனா ஒரு வரி ஒழுங்கா எழுதத் தெரியலையே. நாளைக்கு மருந்துப் பேரை இப்படி எழுதினா என்ன ஆகும்?”

தலைமை நர்ஸுக்குக் கோபம் வரவில்லை. ஆச்சரியம்தான் வந்தது. மேஜைமேல் இருந்த தடிமனான நோட்டை எடுத்து நீட்டினார்.

“எங்க வார்டு நோட்டு. ஒருத்தர் வேலை முடிஞ்சு போறப்ப, அடுத்து வர்றவங்களுக்காக எழுதி வைக்கிறது. பாருங்க.”

முத்து முத்தான கையெழுத்து. மகள் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். அப்பாவுக்குப் பிறந்தவள் அல்லவா, தப்பைத் தேடத்தான் புரட்டினாள். ஒரு ஒற்றுகூட விடுபடவில்லை.

“யார் எழுதினது?”

“நீங்க இப்ப சொன்னீங்களே, அவங்கதான்.”

புகார் சொல்ல வந்ததே மறந்துபோய்விட்டது. இதென்ன விசித்திரம்? நோட்டில் பிசகாத கை பலகையில் மட்டும் எப்படிப் பிசகும்?

மருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்த நர்ஸை வழியிலேயே மடக்கினாள்.

“எனக்கு ஒண்ணு தெரியணும். உங்களுக்கு ‘வருவார்’னு எழுதத் தெரியுமா, தெரியாதா?”

நர்ஸ் வண்டியை நிறுத்தினாள். “மெதுவாப் பேசுங்கக்கா. உங்கப்பா காதுல விழுந்திடப் போகுது.”

“சொல்லுங்க.”

“முதல் நாள் அவசரத்துல ஒரு ‘ப்’ விட்டுட்டேன். அது நிஜமாவே தப்புதான். மருந்து கொடுக்கத் திருப்பிப் படுக்க வெச்சப்ப, அது அவர் கண்ணுல பட்டுச்சு. பந்தைத் தொடாத அந்தக் கை பேனாவைத் தேடுச்சு. ரெண்டு விரல்தான் அசைஞ்சது. ஆனா அசைஞ்சதை நான் பார்த்தேன்.”

“அப்புறம்?” என்றாள் மகள்.

“அதுலேருந்து வேணும்னேதான் எழுதறேன். கைக்கு எட்டுற மாதிரி பேனாவையும் நூல்ல கட்டி விட்டேன். தப்பா எழுதறது லேசுன்னு நினைக்காதீங்கக்கா. பஸ்ல வரும்போதே யோசிச்சுக்கிட்டு வர்றேன்.” லேசாகச் சிரித்தவள், உடனே முகம் வாடினாள். “என்ன பிரயோஜனம்? யாரோ அதுக்குள்ள திருத்தி வெச்சுடறாங்க. பெருக்க வர்ற அம்மாவைக்கூடக் கேட்டுப் பார்த்துட்டேன். அவங்க இல்லையாம்.”

தினம் திருத்திய தன் கையையே மகள் பார்த்தாள். நாலு நாள். சில வாரம்தான் முக்கியம் என்று டாக்டர் சொன்னதில் நாலு நாளை அவளே அழித்திருக்கிறாள்.

“இன்னைக்கு யாரும் திருத்தலை” என்றாள், கடைசியில்.

இருவரும் வேகமாக நடந்தார்கள். வாசலிலேயே நர்ஸ் அவள் கையைப் பிடித்து நிறுத்திவிட்டாள்.

அப்பா பலகைப் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார். வலது கையில் பேனா. அது நழுவாமலிருக்க இடது கையால் அழுத்திப் பிடித்திருந்தார். நெற்றியெல்லாம் வியர்வை. ‘று’வின்மேல் ஒரு கோடு விழுந்திருந்தது. ஓரத்தில், குழந்தை எழுதினதுபோல் கோணல்மாணலாக ஒரு ‘ரு’.

மூன்றையும் அவர் திருத்தி முடிக்கும்வரை இருவரும் வாசலைத் தாண்டவில்லை.

பிறகு அவர் நிமிர்ந்து நர்ஸைப் பார்த்தார். இத்தனை நாளுக்குப் பிறகு முதல் தடவையாக வாயைத் திறந்தார். வார்த்தை ஒவ்வொன்றாகத் தட்டுத்தடுமாறி வந்தது.

“இது… வேணும்னு போட்ட தப்பு. நாற்பது வருஷம் பார்த்தவனுக்கு… தெரியாதாம்மா?”

நர்ஸ் தலையைக் குனிந்துகொண்டாள்.

“அப்ப ஏம்ப்பா நாலு நாளா பேனாவைத் தொடலை?” என்றாள் மகள். “நான் திருத்திட்டேன், உங்களுக்கு வேலை வைக்கலை, அதனாலயா?”

அப்பா மெதுவாகத் தலையை ஆட்டினார், இல்லை என்று.

“நீ திருத்தினதுலயும்… தினம் ரெண்டு தப்பு இருந்தது. நீ வருத்தப்படுவியேன்னு… பேசாம இருந்துட்டேன்.”