சாப்பிட்ட கையோடு ஒரு டீ

சாப்பிட்ட கை காயும் முன்னே செண்பகத்துக்கு டீ வேண்டும். அதில் டீக்குத் தலைகால் புரியாத பெருமை. வயிற்றுக்குள் இறங்கியதும், முருங்கைக்கீரையோடு வந்திருக்கும் இரும்புச்சத்தின் கையைப் பிடித்துக்கொள்ளும். "எங்கே ஓடுற? கொஞ்சம் பேசிட்டுப் போ."

"விடுப்பா, ரத்தத்துல சேரணும்" என்று இரும்பு கெஞ்சும். பேச்சு முடிவதற்குள் இரண்டும் உடம்பை விட்டே வெளியேறியிருக்கும்.

ஒருநாள் சாப்பிட்டு முடிப்பதற்குள் செண்பகத்துக்கு மூச்சிரைத்தது. உதடெல்லாம் வெளுத்திருந்தது. "தினம் கீரை தின்னுறேன், ஆனா ரத்தத்துல இரும்பே இல்லைங்கறார் டாக்டர்" என்று கணவனிடம் புலம்பினாள்.

டம்ளரிலிருந்த டீக்குத் தூக்கிவாரிப்போட்டது. "அந்தப் பாவி நான்தான், தாயி! சோறு செரிக்கட்டும், அப்புறமா என்னைக் குடி" என்று ஆவி பறக்கக் கதறியது.

அவள் காதில் விழவில்லை. "இந்த அசதிக்கு டீதான் மருந்து" என்று தட்டைத் தள்ளிவிட்டு டம்ளரை எடுத்தாள்.