மகிழனின் குடல்

மகிழனுக்கு அன்று ஐந்தாவது பிறந்தநாள். ஆசையாகக் கேக்கைத் தொட்டவனின் கையை அப்பா துரைக்கண்ணு பட்டென்று தட்டிவிட்டான்.

"இதைத் தின்னா சரக்கு கெட்டுடும்டா! காலையில கிளினிக் ஆளுக்கு என்னத்தைக் குடுக்கிறது?"

மகிழனின் மலத்தைத்தான் அந்தக் கிளினிக் விலைக்கு வாங்கி, அதிலிருக்கும் நல்ல கிருமிகளை மாத்திரையாக்கி, நோயாளிக் குழந்தைகளின் குடலைத் தேற்றிக்கொண்டிருந்தது. எதிர்வீட்டு ரேயாவின் குடலையும்தான்.

"முன்னெல்லாம் இவளுக்கு இட்லிகூட ஒத்துக்காதுங்க. இப்பக் கல்லைத் தின்னாலும் செரிக்குது. எல்லாம் உங்க பையன் புண்ணியம்!" என்று பூரித்தாள் ரேயாவின் அம்மா. ரேயா மூன்றாவது கேக் துண்டையும் விழுங்கிவிட்டு விரல்களை நக்கினாள்.

மகிழனின் அம்மா அமுதவல்லி கத்தியைக் கையில் எடுத்தாள். பெற்ற பிள்ளையைக் கறவை மாடாக்கிவிட்டு, பிறந்தநாள் வேறு கொண்டாடுகிறோமே! பெரிய துண்டாக வெட்டி மகனின் வாயருகே நீட்டினாள்.

"சாப்பிடு கண்ணா. யார் கேக்கிறான்னு அம்மா பார்க்கிறேன்."

மகிழன் மிரண்டுபோய்ப் பின்னால் நகர்ந்து, வாயை இரு கைகளாலும் பொத்திக்கொண்டான்.

"வேணாம்மா. சரக்கு கெட்டுடும்."