தலைகீழாய் நாற்பது

கடல் பின்வாங்கிய கழிமுகத்தில் சேறு வெயிலுக்குக் கண்கூசப் பளபளக்கிறது. ஊர்க்குழுவின் நாற்றங்காலைப் பார்த்துக்கொள்பவள் முழங்கால்வரை புதைந்து நின்று, நேற்று நட்ட, அலையாத்தி மரமான கண்டலின் விதையொன்றைப் பிடுங்குகிறாள். முருங்கைக்காய் போல நீண்ட விதை. வேர்விட வேண்டிய கூர்முனை வானத்தைப் பார்த்திருக்கிறது. துளிர்க்க வேண்டிய நுனி சேற்றுக்குள் மூச்சுமுட்டிக் கிடக்கிறது. அடுத்ததும் அப்படித்தான். கொழுந்தனின் படகு போகும் வழிக்குக் குறுக்கே உள்ள இந்த வரிசை முழுக்க அப்படித்தான். மற்ற வரிசைகளில் ஒரு குறையும் இல்லை. அவன் தரைதட்டிய படகருகே குந்தி, அடிப்பலகையில் ஒட்டிய சிப்பிகளைக் கத்தியால் சுரண்டுகிறான். அந்தச் சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. அவள் பக்கம் திரும்பாமலே சொல்கிறான்: "காலேஜ் பிள்ளைங்க நட்டது அண்ணி. தலை எது, கால் எதுன்னு அதுங்களுக்கு என்ன தெரியும்?" அவள் கையிலிருக்கும் விதையைத் திருப்பி, அவன் படகின் மூக்குக்கு நேரே சேற்றில் குத்தி இறக்குகிறாள். "தெரியாத பிள்ளைங்க நட்டிருந்தா பாதியாவது நேரா நின்னிருக்கும். நாப்பதும் தலைகீழா நிக்குதுன்னா, எது தலைன்னு நல்லாத் தெரிஞ்ச கைதான் பட்டிருக்கு." சுரண்டும் சத்தம் நின்றுவிடுகிறது.