பூஜ்யம் போட்ட வாரங்கள்

“மூணு வாரமா பூஜ்யம்னே எழுதி அனுப்பியிருக்கீங்க. ஒரு ஆள்கூடவா ஆத்தைக் கடக்கல, அண்ணே?”

டாக்டர் படகுத்துறைப் படியில் நின்றபடியே கேட்டாள். கோபமாகப் பேச வேண்டும் என்றுதான் வழி நெடுக நினைத்துக்கொண்டு வந்தாள். குரலில் களைப்புதான் வந்தது. படகுக்காரர் படியில் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆற்றின் அக்கரை வேறு நாடு. நோய் முதலில் தலைகாட்டியது அங்கேதான். யார், எங்கிருந்து, எங்கே போகிறார்கள் என்று தெரிந்தால் நோய் அடுத்து எங்கே போகும் என்று ஓரளவு சொல்லிவிடலாம். அதற்காக எல்லை நெடுகப் பதினெட்டு இடங்களில் ஆள் வைத்து எண்ணச் சொல்லியிருந்தாள். அனுமதி இல்லாத இந்தத் துறையில் எண்ணியது படகுக்காரரேதான்.

“முதல் வாரம் எழுபத்திரண்டு பேர்னு எழுதினீங்க. என் வரைபடத்துல இங்கதான் கோடு தடிமனா விழுந்தது. பரிசோதனை முகாமும் இங்கதான் போடறதா இருந்தது. ரெண்டாம் வாரம் பாதியாச்சு, அப்புறம் பூஜ்யம். சரி, ஜனங்க பயந்து வீட்டோட இருக்காங்கன்னு நம்பி முகாமை எல்லைப் பாலத்துக்கு மாத்திட்டேன். இப்ப உங்க குடியிருப்புல மட்டும் பதினோரு சாவு.”

“பன்னெண்டு,” என்றார் படகுக்காரர். “முந்தாநேத்து ஒண்ணு.”

டாக்டர் மெதுவாக அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைச்சிட்டீங்களே, அண்ணே. உண்மையை எழுதியிருந்தா பாதிப் பேரையாவது காப்பாத்தியிருப்பேன்.”

“எழுதினது உண்மைதான், டாக்டரம்மா. துறையில ஒருத்தரும் கடக்கல. படகு இருந்தாத்தானே கடக்கறதுக்கு.”

அப்போதுதான் அவள் கவனித்தாள். படகு கட்டும் முளைக்குச்சியில் அறுந்த கயிறு மட்டும் தொங்கியது.

“ஜனங்க போறது வர்றது நிக்கல. கீழ்ப்பக்கமா தள்ளிப் போயி, கோரைக்குள்ள பூந்து, கழுத்தளவு தண்ணில வந்தாங்க. அதை நான் எங்க எண்ணறது? வேலை அந்தப் பக்கம், பிள்ளைகுட்டி இந்தப் பக்கம். வயித்துக்கு எல்லைக்கோடு தெரியுமா?”

“படகு எங்க?”

“எல்லைக் காவல்படை ஓட்டிட்டுப் போயிட்டாங்க. முதல் தாளை உங்க டிரைவர்கிட்ட குடுத்து அஞ்சாம் நாள். நான் மணி போட்டு எழுதியிருந்தேன் பாருங்க, காலைல ஆறு, சாயங்காலம் நாலுன்னு. சொல்லி வச்ச மாதிரி அதே மணிக்கு வந்து நின்னாங்க. பத்தொன்பது பேரைப் பிடிச்சாங்க. அன்னியிலேர்ந்து நான் காட்டிக் குடுத்தவன். கடையில பக்கத்துல நின்னாக்கூட நகந்துக்கறாங்க.”

டாக்டர் நிமிர்ந்தாள். “நம்ம தாள் அவங்க கைக்கு எப்படிப் போச்சு? இது மருந்துக்கான கணக்கு, ஆளைப் பிடிக்கறதுக்கு இல்லைன்னு இதே படியில உக்காந்து சத்தியம் பண்ணினேனே.”

“பண்ணினீங்க. நானும் அதை வீடு வீடாப் போய்ச் சொன்னேன்.”

டாக்டர் திரும்பிப் படிக்கு மேலே இருந்த வீட்டைப் பார்த்தாள். கதவு சாத்தியிருந்தது. வழக்கமாக டாக்டர் வண்டியை விட்டு இறங்குவதற்குள் ஒரு டம்ளர் தண்ணீரோடு எதிரே வந்து நிற்பாள், படகுக்காரரின் மனைவி.

“அண்ணியைக் காணோமே?”

படகுக்காரர் ஆற்றைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

“அந்தப் பன்னெண்டாவது ஆள் அவதான்.”

அவர் கையைப் பிடித்துக்கொள்ளத் தோன்றியது. முடியவில்லை. துக்கம் ஆத்திரமாகத்தான் வெளியே வந்தது.

“எங்க ஆபீஸ்ல எவனோ ஒருத்தன் அந்தத் தாளைக் குடுத்திருக்கான். யாருன்னு தெரியாம நான் இங்கேர்ந்து எழுந்திருக்கப் போறதில்ல. அவனை வேலையை விட்டுத் தூக்கினாத்தான் எனக்கு ஆறும்.”

“விடுங்க டாக்டரம்மா. தெரிஞ்சு என்ன ஆகப் போகுது?”

“படகை எடுக்கறப்ப ஏதாவது கடிதம் காட்டினாங்களா?”

“காட்டினாங்க. நகலும் ஒண்ணு குடுத்தாங்க.”

“கொண்டாங்க.”

“வேண்டாமே.”

“அண்ணே, பன்னெண்டு உசுரு போயிருக்கு. அந்த ஆளை நீங்க ஏன் காப்பாத்தணும்?”

படகுக்காரர் அவளை ஒரு கணம் பார்த்தார். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்து வீட்டுக்குள் போனார். வெகுநேரம் கழித்து, நாலாக மடித்த தாளுடன் வந்தார். கொடுக்கும்போதும் தயங்கித்தான் கொடுத்தார்.

அவள் பிரித்தாள். அவளுடைய அலுவலகத்தின் பெயர். காவல்படைக்கு முகவரி. ‘துறை வாரியான ஆள் நடமாட்டப் பட்டியல், தங்கள் தகவலுக்காக இணைக்கப்பட்டுள்ளது’ என்று ஒரே வரி. அதன் அடியில், காலையில் நாற்பது கோப்புகள் மேஜைக்கு வந்தால் நாற்பதிலும் புரட்டிப் பார்க்காமல் அவள் போட்டுத் தள்ளும் அதே கையெழுத்து.

“உங்க அண்ணி அன்னிக்கே பார்த்துட்டா,” என்றார் படகுக்காரர். “‘பொண்ணு படிக்காமக் கையெழுத்துப் போட்டிருக்கும், பாவம். அதுகிட்ட காட்டிடாதீங்க’ன்னு கடைசி வரைக்கும் சொல்லிட்டே இருந்தா.”