பெட்டிக்குள் ஒரு பாட்டுக்காரன்

ஓடைக்கரைத் தாழம்புதரில் ஒரு குருவி இருந்தது. அந்த இனத்தில் மிஞ்சியதே அதுவும் அதன் பெண்டாட்டியும்தான். புதருக்குக் கீழே வளையில் ஒரு நண்டு குடியிருந்தது.

அந்த வழியாக ரோடு போடுவதற்கு முன், குருவி இன்னும் இருக்கிறதா என்று பார்க்க ஒரு அம்மாள் வந்தாள். அவள் கையிலிருந்த பெட்டி குருவி மாதிரியே பாடும். நிஜக் குருவி பதிலுக்குப் பாடினால் எழுதிக்கொள்வாள். இரண்டு நாளாகப் பதிலே இல்லை.

"இன்னைக்கும் சத்தம் வரலைன்னா குருவி இல்லைன்னு எழுதிட வேண்டியதுதான். நாளைக்கே மண்ணைக் கொட்டிடுவாங்க" என்று ஜீப் டிரைவரிடம் சொன்னாள்.

நண்டு வளையை விட்டு வெளியே ஓடி வந்தது. "அண்ணே, ஒரே ஒரு பாட்டு பாடுங்களேன்!"

"பெட்டிக்குள்ள உட்கார்ந்திருக்கிற சுருதி சேராத பயலுக்கெல்லாம் நான் பதில் பாடணுமா?" என்று குருவி முகத்தைத் திருப்பிக்கொண்டது.

நண்டு கண்ணை உருட்டி யோசித்தது. "அதுவும் சரிதான். ஆனா அண்ணி ஏன் ரெண்டு கிளை தள்ளி, பெட்டிப் பக்கமா போய் உட்கார்ந்திருக்காங்க?"

அவ்வளவுதான். குருவி தொண்டை கிழியப் பாடித் தீர்த்தது. அம்மாள் துள்ளிக் குதித்தாள், எழுதிக்கொண்டாள், பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள்.

"பார்த்தியா, ஓடியே போயிட்டான்! கடைசியில ஒரு இழுப்பு இழுத்தானே, அதுக்குக் கழுதை தேவலை" என்றது குருவி.

போன வருஷம் அந்த அம்மாள் இதே கிளைக்கு நேராகப் பெட்டியைப் பிடித்து, இதே குருவியின் பாட்டைப் பதிவு செய்துகொண்டு போனதை நண்டு பார்த்திருந்தது.

"ஆமாண்ணே, உங்க குரல் அவனுக்கு வருமா?" என்று சொல்லிவிட்டு அவசர அவசரமாக வளைக்குள் போய்விட்டது.